பிளக் பாயிண்ட்டில் மிச்சம் பிடித்த பணம் யாருடையது?

வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் பார்க்க நாலு கடை ஏறி இறங்குவார்கள். பெயிண்ட் நிறத்துக்காக குடும்பத்தில் ஒரு பொதுக்குழுவே கூடும். வாசல் கதவு தேக்கா வேம்பா என்று சித்தப்பா, பெரியப்பா, பக்கத்து வீட்டு மாமா வரைக்கும் கருத்து சொல்வார்கள். சுவரில் வரப்போகிற பிளக் பாயிண்ட் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரே பதில்தான். "அதெல்லாம் எலக்ட்ரீஷியன் பாத்துப்பாருப்பா."

சாக்கெட்டுக்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று சிரிக்காதீர்கள் மக்களே. நான் படிப்பது எலக்ட்ரிக்கல். வகுப்பில் டிரான்ஸ்பார்மர், மோட்டார், டிரான்ஸ்மிஷன் லைன் என்று 400 கிலோவோல்ட் வரைக்கும் போய்விட்டு வருகிறோம். வீட்டுச் சுவரில் இருக்கும் 230 வோல்ட் சாக்கெட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கல்யாண வீட்டில் யாராவது ஒரு மாமா "தம்பி, நீ ஈ.ஈ.ஈ. தானே, வீட்டுக்கு எந்த பிளக் பாயிண்ட் போடலாம்?" என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் முழிப்போம், மீதிப் பேர் பாயசம் வாங்கப் போய்விடுவோம். :-)

அந்த மாமாவுக்கான பதில்தான் இது. சுருக்கமாகச் சொன்னால்: மட்டமான சாக்கெட் வாங்காதீர்கள், ஆடம்பரமான சாக்கெட்டும் தேவையில்லை. ஆனால் இதை வெறும் பணக் கணக்காகப் பார்த்தால் விஷயம் பாதிதான் புரியும். இதில் பணத்தை மிச்சம் பிடிக்கிறவர் ஒருவர், அந்த சாக்கெட்டில் தினமும் கை வைக்கிறவர் வேறொருவர். என் வருத்தம் அங்கேதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கடைக்குப் போவோம்.

கடையில் மூன்று ரகம்

எலக்ட்ரிக்கல் கடையில் சாக்கெட் என்று கேட்டால் மோட்டாவாக மூன்று ரகம் கிடைக்கும்.

1. பெயரே இல்லாத லோக்கல் சரக்கு. அல்லது பிரபல கம்பெனியின் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றிப் போட்ட சரக்கு. கடைக்காரரே கொஞ்சம் தணிந்த குரலில், "தம்பி, வாடகைக்கு விடற வீடுன்னா இதைப் போடுங்க, போதும்" என்பார். (இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

2. ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன், தெரிந்த கம்பெனிகளின் சாதாரண ரகம். பழைய பியானோ டைப் சுவிட்சுகளோடு வருமே அதுவும், மாடுலரில் ஆரம்ப நிலை மாடல்களும் இதில் அடக்கம்.

3. அதே கம்பெனிகளின் உயர்ந்த ரகம். கண்ணாடி பிளேட், மெட்டல் பினிஷ், ஓரத்தில் நீல விளக்கு, இத்யாதி இத்யாதி.

எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் விசாரித்த வரையில், 16 ஆம்பியர் சாக்கெட் முதல் ரகத்தில் 60 ரூபாய் சுமாருக்கு வருகிறது. இரண்டாவது ரகம் 150-லிருந்து 200 ரூபாய். மூன்றாவது 300-க்கு மேல், பிளேட்டுக்குத் தனிக் காசு. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். ஆனால் விகிதம் கிட்டத்தட்ட இப்படித்தான்.

முதல் ரகத்துக்கும் இரண்டாவது ரகத்துக்கும் நடுவில் இருப்பது உயிர் சம்பந்தப்பட்ட வித்தியாசம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பெரும்பாலும் அழகு சம்பந்தப்பட்ட வித்தியாசம். இதுதான் என் கட்சி. ஏன் என்று பார்க்க சாக்கெட்டின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். (மெயினை ஆப் செய்துவிட்டு!)

உள்ளே இருப்பது ஒரு கிளிப்

நம் ஊர் மூன்று துளை உருண்டை பின் சாக்கெட், வெள்ளைக்காரன் விட்டுப்போனது. 1934-ல் வந்த பி.எஸ். 546 என்கிற பிரிட்டிஷ் தரத்தின் வாரிசு. பிரிட்டன்காரர்கள் 1947-ல் புதுத் தரம் எழுதி, சதுரப் பின்னும் பிளக்குக்குள்ளேயே பியூஸும் வைத்த 13 ஆம்பியர் மாடலுக்கு மாறிப் போனார்கள். நாம் உருண்டைப் பின்னிலேயே நின்றுவிட்டோம். அந்தக் காலத்து 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்பது இப்போது 6, 16 என்று ஆகியிருக்கிறது. இதற்கான இந்தியத் தரத்தின் எண் ஐ.எஸ். 1293.

மேலே இருக்கும் பெரிய துளை எர்த். அந்தப் பின் மற்ற இரண்டையும் விட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. அது முதலில் உள்ளே போக வேண்டும், கடைசியில் வெளியே வர வேண்டும். அப்போதுதான் பேஸ் வந்து சேரும் முன்பே எர்த் தயாராக இருக்கும். ஷட்டர் வைத்த சாக்கெட்டில் இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. எர்த் பின் உள்ளே போனால்தான் கீழே இருக்கும் இரண்டு துளைகளை மூடிய ஷட்டர் விலகும். குழந்தை ஊக்கையோ கம்பியையோ ஒரு துளைக்குள் விட்டால் ஒன்றும் ஆகாது.

துளைகளுக்குப் பின்னால் இருப்பது என்ன? ஒரு கிளிப், அவ்வளவுதான். துணி காயப்போடும் கிளிப் மாதிரி, உலோகத் தகடு பின்னை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறது. அந்தப் பிடிதான் சாக்கெட்டின் உயிர். தரமான சாக்கெட்டில் அந்தத் தகடு பித்தளையாகவோ பாஸ்பர் பிரான்ஸாகவோ கொஞ்சம் தடிமனாக இருக்கும். ஆயிரம் தடவை செருகி எடுத்தாலும் வளைந்து திரும்பும். மட்டமான சாக்கெட்டில் மெல்லிய தகடு இருக்கும், சிலதில் இரும்புத் தகட்டுக்குப் பித்தளை முலாம். ஆறு மாதத்தில் பிடி தளர்ந்துவிடும். பிளக் தானாகவே தலை தொங்கும். நாமும் உடனே தமிழர் பண்பாட்டின்படி, காகிதத்தை மடித்து முட்டுக் கொடுத்து ஓட்டுவோம்.

கொஞ்சம் கணக்கு, பயப்படாதீர்கள்

பிளஸ் டூ இயற்பியலில் ஜூல் விதி படித்திருப்போம். வெப்பம் என்பது மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் மின்தடை. பரீட்சைக்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத அந்த ஒற்றை வரிதான் இங்கே கதாநாயகன்.

2000 வாட் கீசர் ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் எடுக்கும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பும் முழு வேகத்தில் அதேதான். சாக்கெட்டும் பின்னும் நன்றாகக் கவ்விக்கொண்டிருந்தால் அவை தொடும் இடத்தின் மின்தடை மிக மிகச் சிறியது. 0.01 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். வெப்பம் 0.76 வாட். கையில் தொட்டால் கூடத் தெரியாது.

இப்போது பிடி தளர்ந்து, தகட்டில் கொஞ்சம் கறுப்பும் படிந்து, அந்த மின்தடை 0.2 ஓம் ஆகிறது. பார்க்க அற்ப எண். ஆனால் வெப்பம் 15 வாட். அந்தக் காலத்து ஜீரோ வாட் பல்பு ஞாபகம் இருக்கிறதா? பெயர்தான் ஜீரோ, உண்மையில் அது எடுத்தது 15 வாட் சுமார். எரியும்போது அதை விரல்களால் பிடித்துப் பாருங்கள் என்று யாராவது சொன்னால் பிடிப்பீர்களா? அந்த அளவு சூடு, காற்றுப் போகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள், சுவருக்குள், பட்டாணி அளவு இடத்தில்.

அதற்கப்புறம் நடப்பதுதான் மோசம். சூட்டில் தகடு தன் விறைப்பை இழக்கிறது. பிடி இன்னும் தளர்கிறது. உலோகத்தின் மேல் ஆக்சைடு படிகிறது. மின்தடை கூடுகிறது. சூடு கூடுகிறது. மறுபடி பிடி தளர்கிறது. சுற்றிச் சுற்றி வரும் செக்குமாடு மாதிரி. கடைசியில் பின்னுக்கும் தகட்டுக்கும் நடுவில் பொறி பறக்க ஆரம்பிக்கும். சுவிட்சைப் போட்டதும் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கேட்கும் இல்லையா, அதுதான்.

இந்த இடத்தில் பெட்டி எதனால் செய்யப்பட்டது என்பது முக்கியமாகிறது. பழைய கறுப்பு, பழுப்பு சாக்கெட்டுகள் பேக்கலைட். லியோ பேக்லண்ட் என்பவர் 1907-ல் கண்டுபிடித்தது. சூட்டில் கருகுமே தவிர உருகி ஒழுகாது. இன்றைய நல்ல சாக்கெட்டுகளில் தீ சுலபமாகப் பற்றாத பாலிகார்பனேட் மாதிரி பிளாஸ்டிக் இருக்கும். தர முத்திரை கொடுக்கும் முன் பழுக்கக் காய்ச்சிய கம்பியை அதில் அழுத்திப் பார்ப்பார்கள். மட்டமான சாக்கெட்டில் என்ன பிளாஸ்டிக் இருக்கிறது என்பது அதை ஊற்றியவருக்குத்தான் வெளிச்சம்.

எம்.சி.பி. காப்பாற்றாதா?

காப்பாற்றாது. பலருக்கு இது தெரியாது என்பதால் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்.

எம்.சி.பி. எப்போது விழும்? மின்னோட்டம் அளவுக்கு மீறினால். நம் கதையில் மின்னோட்டம் மீறவே இல்லை. கீசரின் மின்தடை 26 ஓம் சுமார். அதோடு இந்த 0.2 ஓம் சேர்ந்தால் மின்னோட்டம் ஒரு துளி குறையத்தான் செய்யும். எம்.சி.பி.யைப் பொறுத்தவரை வீட்டில் சர்வ மங்களம்.

சரி, ஷாக் அடிக்காமல் காப்பாற்றும் ஆர்.சி.சி.பி.? (நம் வீடுகளில் இன்னும் ஈ.எல்.சி.பி. என்றுதான் சொல்கிறார்கள்.) அது பார்ப்பது, பேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று. லூஸ் கான்டாக்ட்டில் எதுவும் வெளியே கசியவில்லை. போனது எல்லாம் திரும்பி வருகிறது. அதற்கும் சந்தேகம் வராது.

ஆக, மெயின் போர்டில் எத்தனை ஆயிரம் செலவு செய்தாலும், சாக்கெட்டுக்குள் சூடேறும் அந்த ஒரு புள்ளியை அங்கிருக்கும் எதுவும் பார்க்காது. அதைப் பார்க்க அந்தத் தகடு மட்டும்தான் இருக்கிறது. 60 ரூபாய் சாக்கெட்டில் நாம் மிச்சம் பிடிப்பது சரியாக அந்தத் தகட்டில்தான்.

"இத்தனை வருஷம் ஓடலையா?"

வரும், இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். "எங்க தாத்தா வீட்டுல நாப்பது வருஷமா அதே பிளக்குதான், ஒண்ணும் ஆகலையே" என்று.

தாத்தா வீட்டு பிளக்கில் என்ன ஓடியது? ரேடியோ. டேபிள் பேன். தீபாவளிக்கு சீரியல் செட். அரை ஆம்பியர் கூட வராது. சூடு மின்னோட்டத்தின் வர்க்கம் என்பதை மறந்துவிடக்கூடாது. அரை ஆம்பியருக்கு வரும் சூட்டை விட 8.7 ஆம்பியருக்கு வரும் சூடு 300 மடங்கு. அரை ஆம்பியருக்கு எந்த சாக்கெட்டும் நல்ல சாக்கெட்தான்.

நம் வீடுகளில் சுமை ஏறிய வேகத்தை யோசித்துப் பாருங்கள். 2006-க்குப் பிறகு அரசே கலர் டிவி கொடுத்தது. 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. நல்ல விஷயம்தான், அம்மாக்களின் தோளும் முதுகும் தப்பித்தன. ஆனால் எத்தனை வீடுகளில் பிளக் பாயிண்ட்டின் எண்ணிக்கை கூடியது? ஒரே பாயிண்ட்டில் ஒரு மல்டி பிளக், அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அப்புறம் பிரிட்ஜ் வந்தது, வாஷிங் மெஷின் வந்தது, ஏ.சி. வந்தது. இப்போது எலக்ட்ரிக் ஸ்கூட்டர். அதன் சார்ஜர் எடுப்பது மூன்று நாலு ஆம்பியர்தான், ஆனால் ராத்திரி எல்லாரும் தூங்கும்போது ஐந்தாறு மணி நேரம் விடாமல் எடுக்கும். மிக்சி ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும்; சாக்கெட் ஆறிப்போகும். ஸ்கூட்டர் ஆற விடாது.

16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருக ஒரு கன்வர்ட்டர் விற்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. பின் தடிமனாக இருப்பது அதிக மின்சாரம் போக வேண்டும் என்பதால். 6 ஆம்பியர் சாக்கெட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் 1.5 சதுர மி.மீ. வயர், லைட்டுக்குப் போட்டது. பவர் பாயிண்ட்டுக்கு 2.5 அல்லது 4 சதுர மி.மீ. கன்வர்ட்டர் பின்னைத்தான் மாற்றும். சுவருக்குள் இருக்கும் வயரை மாற்றாது.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு கூடும்?

இரண்டு பெட்ரூம் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 16 ஆம்பியர் சாக்கெட் எட்டு: சமையலறையில் மூன்று, பாத்ரூம் கீசருக்கு இரண்டு, ஏ.சி.க்கு இரண்டு, வாஷிங் மெஷினுக்கு ஒன்று. 6 ஆம்பியர் சாக்கெட் இருபது.

16 ஆம்பியரில் ஒன்றுக்கு 120 ரூபாய் கூட வைத்தால் எட்டுக்கு 960. 6 ஆம்பியரில் ஒன்றுக்கு 50 ரூபாய் கூட வைத்தால் இருபதுக்கு 1000. ஆக மொத்தம் 1960. முழு வீட்டுக்கும் இரண்டாயிரம் ரூபாய்க்குள்!

கிரகப்பிரவேசத்தில் தாம்பூலப் பைக்கே இதைவிட அதிகம் செலவாகிறது. லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டும் வீட்டில் இந்த இரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்க ஒரு நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

"சரி, அப்போ ஒரேடியா கண்ணாடி பிளேட் போட்டுடலாம்" என்றால், ஆசையும் காசும் இருந்தால் போடுங்கள், நான் யார் தடுக்க. ஆனால் பாதுகாப்புக்காகப் போடுகிறேன் என்று சொல்லாதீர்கள். பின்னைக் கவ்வுவது பிளேட் இல்லை. என்னைக் கேட்டால் அந்தக் காசில் எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்வேன். மூன்றாவது பின்னுக்குப் பின்னால் எர்த் வயரே இல்லாத வீடுகள் எத்தனையோ.

வேலையும் முக்கியம். 200 ரூபாய் சாக்கெட்டை வாங்கி, வயர் நுனியை முறுக்காமல் நாலு இழையை வெளியே விட்டு, திருகாணியை அரைகுறையாக முடுக்கினால், அது 60 ரூபாய் சாக்கெட்டை விட மோசமாகச் சூடாகும். டெர்மினலில் வயரை நிறுத்துவதும் ஒரு பிடிதானே. அங்கேயும் அதே ஜூல் விதிதான்.

கையில் காசு இல்லை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாது என்பவர்களுக்கு என் வரிசை: முதலில் கீசர், அடுத்து சமையலறை, அடுத்து ஏ.சி., அயர்ன் பாக்ஸ் சொருகும் இடம், வண்டி சார்ஜ் போடும் இடம். போன் சார்ஜர் சொருகும் இடம் கடைசி. சாக்கெட்டின் விலையைப் பார்க்காதீர்கள், அது செய்கிற வேலையைப் பாருங்கள்.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

* கையோடு ஒரு பிளக் கொண்டு போங்கள். சொருகிப் பாருங்கள். உள்ளே போகும்போது கொஞ்சம் எதிர்ப்பு இருக்க வேண்டும். சாக்கெட்டை ஒரு கையில் பிடித்து பிளக்கை ஆட்டினால் ஆடக்கூடாது.
* சின்ன காந்தம் ஒன்று. பின் நுழையும் தகட்டில் அது ஒட்டினால் அது இரும்பு, வேண்டாம். திருகாணியில் ஒட்டலாம், தப்பில்லை.
* கையில் வைத்து எடை பாருங்கள். இரண்டு ரகத்தையும் இரண்டு கையில் வைத்தால் தகட்டின் தடிமன் தானாகத் தெரியும்.
* ஷட்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், வாங்கிய பிறகு அதை ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்து இரண்டு பின் சார்ஜரைச் சொருகாதீர்கள். அது குழந்தைக்காக வைத்த கதவு.
* ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதன் மேலே ஐ.எஸ். 1293 என்ற எண், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண். மூன்றும் வேண்டும். முத்திரையை யாரும் அச்சடிக்கலாம். ஆனால் அந்த லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்கிற செயலியில் தட்டினால் அது எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். கடையிலேயே நின்று தட்டுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.
* எந்த நாட்டுப் பின்னையும் ஏற்கும் "யுனிவர்சல்" சாக்கெட்டைப் பெரிய சுமைக்கு வைக்காதீர்கள். ஊரில் எல்லாரையும் அணைத்துக்கொள்கிறவர் யாரையும் இறுக்கி அணைக்க முடியாது.

இப்போது அந்த வருத்தம்

கடைக்காரர் சொன்னாரே, "வாடகைக்கு விடற வீடுன்னா இதைப் போடுங்க" என்று, அதற்கு வருகிறேன்.

நாங்கள் இருப்பது வாடகை வீடு. சமையலறையில் ஒரே ஒரு பவர் பாயிண்ட். அதில் இண்டக்ஷன் அடுப்பு ஓடும்போது மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் வருகிறது என்று அம்மா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதே இல்லை. சில வகை சுவிட்ச் பிளாஸ்டிக் சூடேறினால் அப்படித்தான் நாறும். மெயினை ஆப் செய்து கழற்றிப் பார்த்தால் பேஸ் பக்கம் பழுப்பாகக் கருகி, தகடு வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறது. முதல் ரகம். முத்திரை, எண், பெயர், எதுவும் கிடையாது.

அப்பா வீட்டு ஓனருக்குப் போன் செய்தார். பதில்: "சார், நீங்க யூஸ் பண்ணிதானே போச்சு, நீங்களே மாத்திக்கங்க. நான் குடுக்கறப்ப நல்லாத்தானே இருந்துச்சு?" மாற்றினோம். சாக்கெட் 180, எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு 200. பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தப் பதில் எனக்கு இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். 2021-ல் மத்திய அரசு மாநிலங்களுக்கு முன்மாதிரியாகக் கொடுத்த வாடகைச் சட்டத்தில், எந்தப் பராமரிப்பு வேலை யாருடையது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அந்தப் பட்டியல்தான். சுவருக்குள் ஓடும் வயரிங் உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் ரிப்பேர்? வாடகைதாரர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவதோடு சேர்த்து.

இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. தினமும் பயன்படுத்துகிறவர் தேய்மானத்துக்குப் பொறுப்பு. ஆனால் வாஷர் போனால் தண்ணீர் சொட்டும். சாக்கெட் போனால் சொட்டுவது வேறு. அதுவும் அது தேய்ந்து போனதா, இல்லை தேய்ந்து போகவென்றே வாங்கப்பட்டதா என்று பட்டியல் கேட்பதில்லை. கடையில் 120 ரூபாயை மிச்சம் பிடித்தவர் வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டுப் போய்விடுகிறார். அந்த மிச்சத்தின் வட்டியை, விடிகாலை ஐந்தரை மணிக்கு ஈரக் கையோடு சுவிட்ச் போடுகிறவர் கட்டுகிறார். அது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். டைல்ஸுக்கு நாலு கடை ஏறிய குடும்பப் பொதுக்குழுவில் அவர்களிடம் யாரும் "சமையலறையில எத்தனை பாயிண்ட் வேணும், எங்க வேணும்?" என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

பிளாட் கட்டி விற்கும் பில்டர் கதையும் இதேதான். விளம்பரத் தாளில் கிரானைட் மேடை பற்றி எழுதுவார்கள், குழாய்க் கம்பெனி பெயரைக் கூட எழுதுவார்கள். சாக்கெட் இடத்தில் "தரமான எலக்ட்ரிக்கல் பொருட்கள்" என்று முடித்துவிடுவார்கள். யாருடைய தரம் என்று கேட்க வேண்டியது நாம்தான்.

அதனால் வாடகைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்க்கிறோம் இல்லையா? அதே மாதிரி ஒரு பிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சமையலறையிலும் பாத்ரூமிலும் சொருகி ஆட்டிப் பாருங்கள். தொங்கினால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே "இந்த மூணு பாயிண்ட் மட்டும் மாத்திக் குடுத்துடுங்க சார்" என்று கேளுங்கள். சாவி கைக்கு வரும் வரைதான் நம் பேச்சுக்கு மதிப்பு. முடிந்தால் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

வீட்டு ஓனர்களுக்கும் ஒன்று. உங்கள் வீடு சார் அது. கருகினால் கருகுவது உங்கள் சுவரும்தான். எட்டு பாயிண்ட்டுக்கு ஆயிரம் ரூபாய், ஒரு மாத வாடகையில் எத்தனை பங்கு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

நாங்கள் சாக்கெட் மாற்றிய கதையைக் கேட்ட வகுப்புத் தோழன் ஒருவன், "வீட்டைக் காலி பண்றப்ப உங்க சாக்கெட்டைக் கழட்டிக்கிட்டு பழசையே மாட்டிட்டு வந்துடுங்கடா" என்று யோசனை சொன்னான். 180 ரூபாயை விட மனசில்லாதவனின் நியாயம். காசு எங்களுடையது, சாக்கெட்டும் எங்களுடையது, சட்டப்படி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஆனால் அடுத்து அந்த வீட்டுக்கு ஒரு குடும்பம் வரும். அங்கேயும் ஒரு அம்மா இருப்பார். கருகிப் போனது என்று தெரிந்தே அந்தத் தகட்டை மறுபடி சுவரில் மாட்டிவிட்டுப் போவதற்குப் பெயர் சிக்கனம் இல்லை. பழைய சாக்கெட்டை அன்றைக்கே சுத்தியலால் தட்டி உடைத்துக் குப்பையில் போட்டாயிற்று. புதுசு அங்கேயே இருக்கட்டும்.

உங்கள் வீட்டு கீசர் பிளக்கை இன்றைக்கு ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். கீசரை அரைமணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சை ஆப் செய்து, கையை நன்றாகத் துடைத்துவிட்டு, பிளக்கின் பிளாஸ்டிக் மேல் விரலை வையுங்கள். வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. சுட்டது என்றால், அடுத்த குளியலுக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுட்டதா இல்லையா என்று எனக்கும் வந்து சொல்லுங்கள்.